பைதான் செந்தர நூலகத்தில் வழு: நம் நிரலில் திருத்துவதா, நூலகத்தை மாற்றுவதா, முறையிடுவதா?

தமிழ்க் கட்டுரைகள் சில நூறைச் சொற்களாகப் பிரித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதற்காகப் பைதானில் ஒரு சிறு நிரல் எழுதினேன். வந்த பட்டியலில் 'வீடு' என்ற சொல் ஒருமுறைகூட இல்லை. 'நீர்' இல்லை, 'காடு' இல்லை. 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் 'தம' இருந்தது. 'மரம்' தன் புள்ளியை இழந்து 'மரம' என்று நின்றது. 'பல', 'வர' போன்ற சில சொற்கள் மட்டும் முழுமையாக வந்திருந்தன. நிரல் எந்தப் பிழைச் செய்தியையும் காட்டாமல் ஒழுங்காக ஓடி முடிந்திருந்தது. பட்டியலைக் கண்ணால் படிக்காமல் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால், தமிழில் வீடும் நீரும் காடும் இல்லாத ஒரு புள்ளிவிவரத்தை நம்பியிருப்பேன்.

இதன் வேர் பைதானோடு சேர்ந்தே வரும் செந்தர நூலகத்தில், ரெகுலர் எக்ஸ்பிரஷன்களை, அதாவது உரையில் தேட வேண்டிய வடிவத்தை விவரிக்கும் குறிக்கோவைகளை, கையாளும் ஆர்ஈ (re) தொகுதியில் இருக்கிறது. இப்படி ஒரு நடத்தையைக் கண்டவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. நம் நிரலுக்குள்ளேயே சுற்றுவழி எழுதிக்கொள்ளலாம், அந்தத் தொகுதியை விட்டு வேறொரு நூலகத்துக்குப் போகலாம், பைதான் உருவாக்குநர்களிடம் வழு அறிக்கை கொடுக்கலாம், அல்லது மூல நிரலைத் திருத்தி அந்தத் திருத்தத்தையே அனுப்பலாம். இந்த நான்கில் எது யாருக்கு என்று முடிவு செய்ய, வழு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை முதலில் ஐயமறத் தெரிந்துகொள்ள வேண்டும். என் அனுபவத்தில் தவறான முடிவுகள் பெரும்பாலும் இந்த முதல் படியை அரைகுறையாகச் செய்வதிலிருந்தே வருகின்றன.

என் முதல் ஐயம் தரவின் மேல் விழுந்தது. ஒருங்குறியில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு தரத்தில், 'கொ' என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம், எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆகவே உரை முழுவதையும் இயல்பாக்கம் செய்து, அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஓட்டினேன். விடை மாறவில்லை. அடுத்து, சொற்களைப் பிரிக்க நான் பயன்படுத்திய சைக்கிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தின் இயல்பான அமைப்பைப் பார்த்தேன். அது ஆர்ஈ தொகுதியைக் கொண்டு, இரண்டு சொல் எல்லைகளுக்கு நடுவே இரண்டோ அதற்கு மேலோ 'சொல்லெழுத்துகள்' தொடர்ந்து வரும் இடங்களை மட்டும் எடுக்கிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்வுக்கோட்டோடு எழுதும் டபிள்யூ என்ற குறிதான் அந்தச் சொல்லெழுத்தைக் குறிப்பது. ஓரெழுத்துத் துண்டுகள் தள்ளப்படுவதால்தான் 'வீடு' அடியோடு மறைந்தது என்று அப்போது தெரிந்தது. அந்த நூலகத்தை விலக்கிவிட்டு, ஆர்ஈ தொகுதியையே நேராக அழைத்து, 'தமிழ்' என்ற ஒரே சொல்லைக் கொடுத்தேன். 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகள் வந்தன. 'வீடு' என்று கொடுத்தால் 'வ', 'ட' வந்தன. இப்போது வழுவைக் காட்டும் நிரல் இரண்டே வரிக்குச் சுருங்கிவிட்டது.

அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருப்பதையும் பார்த்துவிட வேண்டும். பைதானின் யூனிகோட்டேட்டா தொகுதி, ஒவ்வொரு குறியீடும் ஒருங்குறித் தரத்தில் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும். த, ம, ழ மூன்றும் 'எழுத்து' வகை. மகரத்தோடு ஒட்டும் இகரக் குறியும் ழகரத்தின் மேலுள்ள புள்ளியும் 'ஒட்டுக்குறி' வகை. ஆர்ஈ தொகுதியின் உள்ளே, சி மொழியில் எழுதப்பட்ட பகுதியில், சொல்லெழுத்துக்கு இருக்கும் வரையறை ஒரே வரி: குறியீடு எழுத்தாகவோ எண்ணாகவோ இருக்க வேண்டும், இல்லையேல் அடிக்கோடாக இருக்க வேண்டும். ஒட்டுக்குறிக்கு அங்கே இடம் இல்லை. எனவே ஒவ்வொரு உயிர்க்குறியிலும் ஒவ்வொரு புள்ளியிலும் தமிழ்ச் சொல் வெட்டுப்படுகிறது. சொல் எல்லையைக் குறிக்கும் இன்னொரு குறியும் இதே வரையறையின் மேல் நிற்பதால் கேடு இரட்டிப்பாகிறது. 'தமிழ் மொழி' என்ற தொடரில் 'தமிழ்' என்ற முழுச் சொல்லை எல்லைக் குறிகளோடு தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் புள்ளியும் அதை அடுத்த இடைவெளியும் இரண்டுமே 'சொல்லுக்கு வெளியே' என்று கருதப்பட, அவற்றுக்கிடையே எல்லையே இல்லாமல் போகிறது. 'பல', 'வர' போல அகரமேறிய மெய்கள் மட்டும் வரும் சொற்கள் தப்பிவிடுகின்றன. சோதனைக்கு அப்படிப்பட்ட சொல்லை எடுத்தவர் நிரல் சரியாக இருக்கிறது என்றே முடிவு செய்வார்.

இனி, இது வழுதானா என்ற கேள்வி. செந்தர நூலகத்தைப் பொறுத்தவரை, ஆவணம் சொல்வதற்கு மாறாக நிரல் நடந்தால் அது வழு, ஆவணம் சொன்னபடியே நடந்து நமக்குப் போதாமல் இருந்தால் அது புதிய வசதிக்கான கோரிக்கை. இரண்டுக்கும் பைதான் திட்டத்தில் தனித்தனி அடையாளங்கள் உண்டு, தனித்தனிப் பாதைகளும் உண்டு. 'தமிழ்' என்ற சரத்தின் (எழுத்துக்கோவையின்) நீளம் 5 என்று பைதான் சொல்வதை வழு என்று யாரும் முறையிட முடியாது, ஏனென்றால் நீளம் என்பது குறியீட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கை என்பதே அதன் வரையறை. மூன்று என்று வர வேண்டுமானால் ஓப்பன்-தமிழ் போன்ற நூலகம் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். ஆனால் சொல்லெழுத்து விஷயத்தில் ஆவணமே இடம் மாறியிருக்கிறது. எந்த மொழியிலும் சொல்லின் பகுதியாக வரக்கூடிய பெரும்பாலான எழுத்துகளை இந்தக் குறி உள்ளடக்கும் என்ற பொருளில் முன்பு எழுதியிருந்தார்கள். இன்றைய ஆவணம், எழுத்து அல்லது எண் என்று பைதானின் சரச் சோதனை ஒப்புக்கொள்பவையும் அடிக்கோடும் மட்டுமே என்று துல்லியமாகச் சொல்கிறது. பழைய வாக்கியத்தை வைத்துப் பார்த்தால் இது வழு. புதிய வாக்கியத்தை வைத்துப் பார்த்தால் இது வரையறுக்கப்பட்ட நடத்தை. ஆவணத்தைத் திருத்தியது நேர்மையான செயல் என்றுதான் நினைக்கிறேன், என்றாலும் அதனால் தமிழ்ச் சொல் உடைவது நிற்கவில்லை.

உள்முரண் ஒன்றும் இருக்கிறது. பைதான் 3-ல் 'தமிழ்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம், மொழி அதை ஏற்றுக்கொள்ளும். மாறிப் பெயர்களுக்கான விதி ஒருங்குறியின் அடையாளப்பெயர் வரையறையைப் பின்பற்றுகிறது, அந்த வரையறை ஒட்டுக்குறிகளைச் சேர்த்துக்கொள்கிறது. ஆக, பைதானின் இலக்கணத்துக்கு 'தமிழ்' ஒரே பெயர், அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு அது உடைந்த துண்டுகள். ரெகுலர் எக்ஸ்பிரஷன்களுக்கென்று ஒருங்குறி அமைப்பு வெளியிட்டுள்ள 18-ஆம் தொழில்நுட்பத் தரமும் ஒட்டுக்குறிகளைச் சொல்லெழுத்தில் சேர்க்கச் சொல்கிறது. முறையிடுவதானால் நம் கையிலுள்ள வலுவான சான்றுகள் இந்த இரண்டும்.

நான்கு வழிகளில் விரைவானது நம் நிரலிலேயே சுற்றுவழி எழுதுவது. சொல்லெழுத்துக் குறியோடு தமிழ் ஒட்டுக்குறிகளையும் ஒரு பகர அடைப்புக்குள் சேர்த்துவிட்டால் சொற்கள் முழுமையாக வந்துவிடும். பலர் இந்த இடத்தில் ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி முழுவதையும் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் பகுதியில் ரூபாய்க் குறி ௹, நாள் குறி ௳ போன்றவையும் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். சேர்க்க வேண்டியவை ஆகாரக் குறி தொடங்கிப் புள்ளி வரையிலான பகுதி, ஔகாரத்தின் பின்பகுதியாகிய நீட்டல் குறி, அனுஸ்வாரக் குறி ஆகியவை மட்டுமே. ஆய்தம் எழுத்து வகையிலேயே இருப்பதால் அதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சொல் எல்லைக் குறியை மட்டும் இப்படிச் சரிசெய்ய முடியாது. அதை விட்டுவிட்டு, சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்கும் வடிவங்களை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ் மட்டுமே உள்ள உரை, நாம் மட்டுமே பயன்படுத்தும் நிரல், ஓரிரு இடங்களில் மட்டும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்றால் இது போதும். மலையாளமோ சிங்களமோ கலந்த உரை வந்தால் அதே வெட்டு வேறிடத்தில் திரும்ப வரும்.

இரண்டாவது வழி, ரெஜெக்ஸ் என்ற வெளி நூலகம். மேத்யூ பார்னெட் உருவாக்கிப் பேணிவரும் அது, ஆர்ஈ தொகுதியின் இடைமுகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சொல்லெழுத்தில் ஒட்டுக்குறிகளையும் சேர்த்துக்கொள்கிறது. 'தமிழ்' அதில் ஒரே சொல்லாக வருகிறது, 'வீடு' வீடாகவே வருகிறது, சொல் எல்லையும் தானாகச் சரியாகிறது. ஒட்டுக்குறிகளோடு சேர்ந்த முழு எழுத்தை ஒரே அலகாகப் பிடிக்கும் குறியும் அதில் உண்டு. பல இந்திய மொழிகளைக் கையாள்பவருக்குச் சுற்றுவழியைவிட இது பல மடங்கு மேல் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதற்கான விலை ஒரு புதிய சார்பு, அதாவது நம் நிரல் நம்பியிருக்க வேண்டிய இன்னொரு வெளி நூலகம். சி மொழியில் எழுதிய பகுதியைக் கொண்ட நூலகம் என்பதால், எல்லாக் கணினியிலும் எல்லாப் பைதான் பதிப்பிலும் நிறுவ முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வெளி நூலகங்களை நிறுவ அனுமதி இல்லாத இடங்களில் இந்த வழி அடைபட்டுவிடும். இன்னொன்றும் உண்டு: நம் நிரலில் ரெஜெக்ஸை அழைப்பதால், சைக்கிட்-லேர்ன் போல உள்ளே ஆர்ஈ தொகுதியை அழைக்கும் மற்ற நூலகங்கள் மாறிவிடுவதில்லை. அவற்றுக்கு நம்முடைய சொல்பிரிப்பானைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதைத் தவிர்க்க எண்ணி, நிரல் ஓடும்போதே ஆர்ஈ என்ற பெயரில் ரெஜெக்ஸை ஏற்றிவிடும் தந்திரத்தைச் சிலர் செய்கிறார்கள். அதை வேண்டவே வேண்டாம் என்பேன். நமக்குத் தெரியாத எத்தனையோ நூலகங்களின் நடத்தையை ஒரே வரியில் மாற்றிவிட்டு, அடுத்த வழுவை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மூன்றாவது வழியாகிய வழு அறிக்கையைப் பலர் ஒரு கடமையாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அது நோயறிதலின் தொடர்ச்சியாகவே தெரிகிறது, ஏனென்றால் அறிக்கை எழுதும்போதுதான் நாம் அறியாத வரலாறு வெளிப்படுகிறது. பைதானின் மூல நிரல் 2017-லும், வழுப் பதிவேடு 2022-லும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்துக்கு இடம்பெயர்ந்தன. பழைய பதிவுகளும் சேர்ந்தே வந்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடலாம். தேடினால், 2007-லேயே ஒருவர் தேவநாகரிச் சொற்கள் துண்டுதுண்டாக வெட்டுப்படுவதைப் பதிவு செய்திருப்பது கிடைக்கிறது. பெர்ல் மொழி உலகில் நன்கு அறியப்பட்ட டாம் கிறிஸ்டியன்சன் 2011-ல் 18-ஆம் தரத்தைச் சுட்டி, சொல்லெழுத்தின் வரையறை காலாவதியானது என்று விரிவாக முறையிட்டிருப்பதும் கிடைக்கிறது. 2024-ல் வந்த 3.13 பதிப்பிலும் 'தமிழ்' உடைகிறது. எனவே புதிதாக ஒரு பதிவைத் திறந்தால், அது ஏற்கெனவே உள்ளதோடு இணைக்கப்பட்டு மூடப்படும், பார்த்தவரின் நேரமும் வீணாகும். பழைய பதிவில் 'எனக்கும் இதே' என்று எழுதுவதாலும் பயனில்லை. அங்கே இதுவரை இல்லாத சான்றைச் சேர்ப்பதே பயனுள்ளது.

அந்தச் சான்றை எழுதும் முறையில் தமிழருக்கென்று ஒரு கவனம் வேண்டும். பதிவைப் படிக்கும் பேணுநர், அதாவது பைதானைப் பராமரிக்கும் உருவாக்குநர், பெரும்பாலும் தமிழ் படிக்கத் தெரியாதவர். 'தமிழ்' என்பதில் ஐந்து குறியீடுகள் இருப்பதும், அவற்றில் இரண்டு ஒட்டுக்குறிகள் என்பதும் அவருடைய கண்ணுக்குத் தெரியாது, எழுத்துரு அவற்றை ஒரே வடிவமாக்கிவிடும். எனவே திரைப்பிடிப்பை இணைக்காமல், ஒவ்வொரு குறியீட்டின் ஒருங்குறிப் பெயரையும் வகையையும் வரிசையாகக் கொடுக்க வேண்டும். பைதான் பதிப்பு, அதனுள் இருக்கும் ஒருங்குறித் தரவின் பதிப்பு, இரண்டு வரி நிரல், வந்த விடை, வர வேண்டிய விடை ஆகியவை கட்டாயம் வேண்டும். ஏன் அந்த விடை வர வேண்டும் என்பதற்கு நம் விருப்பத்தைச் சொல்லாமல் தரத்தின் பிரிவைச் சுட்ட வேண்டும். இவற்றோடு விளைவையும் சொல்லலாம்: பரவலாகப் பயன்படும் ஒரு நூலகத்தின் இயல்பான அமைப்பில் 'வீடு', 'நீர்', 'காடு' ஆகிய சொற்கள் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் மறைகின்றன என்ற ஒரு வாக்கியம், கோபமான பத்துப் பத்திகளைவிட வேலை செய்யும். வழு பாதுகாப்பு தொடர்பானதாக இருந்தால் மட்டும் பொதுப் பதிவில் எழுதக்கூடாது, அதற்கெனப் பைதானில் தனிக் குழுவும் தனி முகவரியும் உண்டு. நம் வழு அந்த வகை இல்லை.

நான்காவது, திருத்தத்தையே எழுதி அனுப்புவது. வரையறை ஒரே வரி என்று மேலே சொன்னேன். அதில் ஒட்டுக்குறிகளையும் சேர்த்துப் பைதானைத் தொகுத்துப் பார்ப்பது ஒரு மாலை வேலை, கற்றுக்கொள்ள அது நல்ல பயிற்சி. ஆனால் முதலில் தோன்றும் திருத்தம் பெரும்பாலும் தவறாக இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒருங்குறியில் 'அகரவரிசைத் தன்மை' என்றொரு பண்பு இருக்கிறது. எழுத்துச் சோதனையை அதற்கு மாற்றினால் போதும் என்று தோன்றும். தமிழ் உயிர்க்குறிகள் அந்தப் பண்பைப் பெற்றிருக்கின்றன, புள்ளி பெற்றிருக்கவில்லை. அந்தத் திருத்தத்தில் 'வீடு' முழுதாக வரும், 'தமிழ்' புள்ளியில்லாத 'தமிழ' ஆகும், 'நீர்' 'நீர' ஆகும். வங்கத்திலோ தேவநாகரியிலோ எழுதுபவருக்கும் கூட்டெழுத்தின் நடுவே இதே வெட்டு விழும். தரம் சொல்வதுபோல ஒட்டுக்குறி வகை முழுவதையும் சேர்ப்பதே சரியான திருத்தம்.

அதைச் சேர்த்தால் வேறு பக்கம் உடைகிறது. பயனர் பெயர்களைச் சொல்லெழுத்துக் குறியால் சரிபார்க்கும் நிரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய ஒட்டுக்குறிகளை அன்றுமுதல் அனுமதிக்கத் தொடங்கும். எமோஜிகளின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியும் ஒட்டுக்குறி வகையே, அதுவும் சொல்லெழுத்தாகிவிடும். உலகெங்கும் ஓடும் நிரல்களின் நடத்தை இப்படி மாறும் என்றால் பேணுநர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. பைதானின் பின்னோக்கு ஒத்திசைவுக் கொள்கை, இணக்கம் கெடும் மாற்றத்துக்கு முன் குறைந்தது இரண்டு பதிப்புகளிலாவது எச்சரிக்கை வர வேண்டும் என்கிறது. புதிய பதிப்பு ஆண்டுக்கு ஒன்று, அக்டோபரில் வருகிறது. ஆகவே நம் திருத்தம் இன்றே ஏற்கப்பட்டாலும் இயல்பு நடத்தை மாற ஆண்டுகள் ஆகும்.

இந்தத் தேக்கத்திலிருந்து வெளிவரும் வழியை இதே நூலகத்தின் இன்னொரு வழு காட்டுகிறது. டார்ஃபைல் தொகுதி, தீய நோக்கில் ஆக்கிய காப்பகத்தை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பை) பிரிக்கும்போது கோப்புகளை இலக்கு அடைவுக்கு வெளியே எழுதிவிடும் என்பது 2007-லேயே பதிவாகி, பாதுகாப்பு வழுக்களின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2007-4559 என்று எண்ணும் பெற்றது. நம்பாத காப்பகத்தைப் பிரிக்காதீர்கள் என்று ஆவணத்தில் எச்சரிக்கை எழுதியதோடு அது பல ஆண்டுகள் நின்றது. பிறகு 706 என்ற எண்ணுள்ள முன்மொழிவு, நடத்தையை உடனே மாற்றாமல் வடிகட்டி என்ற ஒரு தேர்வைச் சேர்த்தது. 2023-ல் வந்த 3.12 பதிப்பில் தேர்வைக் குறிப்பிடாதவருக்கு எச்சரிக்கை வந்தது, 2025-ல் வந்த 3.14 பதிப்பில் பாதுகாப்பான வடிகட்டி இயல்பாகிவிட்டது. ஜாவாவும் சொல்லெழுத்து விஷயத்தில் இந்தப் பாதையிலேயே போனது. பழைய பொருளை அப்படியே விட்டுவிட்டு, ஒருங்குறித் தரத்தின்படி நடக்கச் சொல்லும் ஒரு கொடியை, அதாவது வேண்டும்போது இயக்கும் ஒரு தேர்வை, 2011-ல் வந்த ஜாவா 7-ல் சேர்த்தது. எனவே பைதானுக்குத் திருத்தம் எழுத முனைபவர், சொல்லெழுத்தின் பொருளை மாற்றும் திருத்தத்தைவிட, விரும்புபவர் மட்டும் இயக்கும் ஒரு கொடியை முன்மொழிந்தால் ஏற்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. நிரலை எழுதும் முன் அந்த முன்மொழிவைப் பேணுநர்களோடு பேசிக்கொள்வது நல்லது. சோதனைகள், மாற்றக் குறிப்பு, பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஆகியவையும் வேண்டும். பல மாத ஈடுபாட்டைத் தர முடிந்தவருக்கே இந்த வழி.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, நாளைக் காலைக்குள் சரியான விடை வேண்டும் என்பவருக்கு மூன்றாவதும் நான்காவதும் வழியே அல்ல. தமிழ் உரை மட்டும் கையாளும் சிறு நிரல் என்றால் துல்லியமான குறித்தொகுதியோடு சுற்றுவழியே போதும், அதன் அருகில் ஏன் எழுதினோம் என்று ஒரு வரிக் குறிப்பும், பழைய வழுப் பதிவின் எண்ணும் இருக்கட்டும். பிறரும் பேணப்போகும் நிரல், பல மொழி உரை, தேடல் அல்லது சொல்லடைவு வேலை என்றால் ரெஜெக்ஸ். எந்த வழியை எடுத்தாலும், பழைய பதிவில் சான்று சேர்க்கும் அரைமணி நேர வேலையை விடக்கூடாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் தமிழ்ச் சொற்கள் உடைவதை முதலில் பார்க்கக்கூடியவர்கள் நாம்தான். என் நிரலில் ரெஜெக்ஸை வைத்துக்கொண்டேன். சோதனைக் கோப்பில் 'பல', 'வர' இரண்டோடு 'வீடு', 'நீர்', 'தமிழ்', இரண்டு வகையில் எழுதிய 'கொடு' ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறேன். அதே சோதனையை ஆர்ஈ தொகுதியின் மேலும் ஒவ்வொரு புதிய பைதான் பதிப்பிலும் ஓட்டிப் பார்க்கிறேன். அங்கே அது தோல்வியடைய வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். என்றைக்கு அது வெற்றி பெறுகிறதோ அன்றைக்கு ரெஜெக்ஸ் என்ற சார்பை நீக்கிவிடலாம்.